வேலி நிற்க வேண்டிய இடம்

ஐயா,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். பெரும்போக வேளாண்மை கதிர் வெளிவருமுன்னான குடலைப் பருவத்துக்கு வந்தால், வெட்டு முடியும்வரை எனக்குப் பரணில்தான் படுக்கை. கையில் இருப்பவை யானை வெடியும் தீப்பந்தமும். 2011இல் 5,879 ஆக இருந்த யானைகள் 2024 கணக்கெடுப்பில் 7,451 ஆகிவிட்டன. தென்னாபிரிக்காவில் செய்ததைப் போல ஒரு பகுதியைச் சுட்டுக் குறைக்கட்டும். அல்லது எல்லாவற்றையும் சரணாலயத்துக்குள் துரத்தி வேலி போடட்டும். நீங்கள் யானைக்காக எழுதுகிறீர்கள், எங்களுக்காக யார் எழுதுவது?

சி., வெல்லாவெளி

அன்புள்ள சி.,

உங்களுக்காகவும்தான் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 120க்கு மேற்பட்ட மனிதர்கள் யானையால் இறந்தார்கள். அதே ஆண்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் இறந்தன. யானையின் நிலத்தை மனிதன் பிடித்துக்கொண்டான் என்று கொழும்பிலிருந்து சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. பரணில் விழித்திருப்பவனுடைய உழைப்பில்தான் அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்கும் இரண்டு வழிகளும் உங்கள் வயலைக் காப்பாற்றாது என்றே நினைக்கிறேன்.

துரத்தி அடைப்பது புதிய யோசனை அல்ல. 1950களின் இறுதியிலிருந்து அரசின் கொள்கையே அதுதான். வெடியும் துவக்குமாக ஆட்கள் வரிசை கட்டிக் காட்டைக் கலைப்பார்கள். முன்னால் ஓடுவது பெண் யானைகளும் குட்டிகளும் கொண்ட கூட்டம். வயலுக்குள் இறங்குவதும் ஆளை அடிப்பதும் பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகள். அவை பற்றைக்குள் பதுங்கி நின்றுவிட்டு, ஆட்கள் போனதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். லுணுகம்வெஹர தேசிய பூங்காவுக்குள் தள்ளி அடைக்கப்பட்ட கூட்டங்கள் தீனியில்லாமல் எலும்பும் தோலுமாயின. குழப்படி செய்யும் ஆண் யானையைப் பிடித்து லொறியில் ஏற்றி விடுவதும் பலன் தரவில்லை. அப்படி இடம் மாற்றிய 12 யானைகளுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். சில ஊருக்குத் திரும்பின, சில அலைந்து திரிந்தன, சில புதிய இடத்தில் வேறு யாருடைய வயலையோ மேய்ந்தன.

சுட்டுக் குறைப்பது பற்றி. தென்னாபிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1967 முதல் 1994 வரை யானைகளைச் சுட்டுக் குறைத்தார்கள் என்பது உண்மை. அது வேலியிட்ட பூங்காவுக்குள் மரங்களைக் காப்பதற்காக. நமது நாட்டில் யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறோம். பாதி யானையைக் கொன்றாலும் மிஞ்சும் ஓர் ஆண் யானைக்கு உங்கள் மூன்று ஏக்கர் ஓர் இரவு வேலை. எண்ணிக்கை கூடியது என்பதிலும் எனக்கு ஐயம் இருக்கிறது. நீர்நிலைகளில் நின்று எண்ணிய கணக்கு அது. 22 மாதம் சுமந்து, நாலைந்து வருடத்துக்கு ஒரு குட்டி ஈனும் விலங்கு, ஆண்டுக்கு நானூறு இழந்தபடியே இத்தனை வேகமாகப் பெருகுமா?

என் மனத்தை அறுப்பது வேலி எங்கே நிற்கிறது என்பதுதான். நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் மின்வேலி இருக்கிறது. அதில் கணிசமான பகுதி வனஜீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் இடையே ஓடுகிறது. இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு, இரண்டிலும் யானை. மழைக்குக் கொடி ஏறிக் கம்பியைத் தொட்டால் மின்சாரம் நிலத்தில் இறங்கிவிடும். வெட்டிவிட அங்கே யாரும் இல்லை. காய்ந்த கம்பத்தை யானை காலால் மிதித்துச் சாய்த்துவிட்டுக் கடந்து போகும். அது யாருக்கும் கேட்காது.

வேலி ஊரைச் சுற்றி நிற்கவேண்டும். குருணாகல் மாவட்டத்தில் கல்கமுவ பக்கத்தில் அப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள். குடியிருப்பைச் சுற்றி நிரந்தர வேலி, வயற்கண்டத்தைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் வேலி. வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் பற்றரி ஊருக்குள்ளேயே இருக்கும். புல் வெட்டுவதும் கம்பியைப் பார்ப்பதும் ஊரவர் முறை. வெட்டு முடிந்ததும் கம்பியைச் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள். யானை வந்து வைக்கோலையும் தாளடியையும் தின்றுவிட்டுப் போகிறது. அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை, யானைக்கும் கோடையில் தீனி கிடைக்கிறது. 2020இல் யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு அரசிடம் கொடுத்த தேசிய செயற்திட்டத்தின் நடுநாயகமே இதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை கிலோமீற்றர் வேலி என்றே பேசுகிறார்கள். அந்தக் கிலோமீற்றர் எங்கே போடப்படுகிறது என்று கேட்பார் இல்லை.

நீங்கள் கேளுங்கள். விதைப்புக்கு முன் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் உங்கள் கமக்காரர் அமைப்பு இரண்டு தீர்மானம் கொண்டு வரட்டும்: எங்கள் கண்டத்தைச் சுற்றிப் போக வேலி வேண்டும்; அழிந்த பயிருக்கு நட்டஈடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வரவேண்டும். கடிதம் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன்.