உப்பளத்து உள்ளானும் பனிக்கரை ஆந்தையும்: வாசகர் கேள்வி – பதில்

குளிர்காலப் பறவைகளைப் பார்ப்பது பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கார்த்திகைக் கடைசியில் குடும்பத்தோடு கோடியக்கரை போனோம். ஆயிரக்கணக்கில் உள்ளான் இருக்கும் என்றார்கள். போய்ப் பார்த்தால் சதுப்பு முழுக்கத் தண்ணீர். வெகு தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று, அவ்வளவுதான். சீசன் தவறிவிட்டதா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: சீசன் தவறவில்லை, தண்ணீர்தான் அதிகம். கரையோரச் சேற்றில் இரை தேடும் வலசைப் பறவைகளான உள்ளான்கள் செப்டம்பரிலேயே வந்து இறங்க ஆரம்பித்துவிடும். ஐப்பசி அடைமழையும் கார்த்திகை கனமழையும் சதுப்பை நிரப்பியதும் அவற்றுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. கொசு உள்ளான் இரை தேடுவது ஈரச் சேற்றில்; மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரில். பவளக்காலிக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வரை பரவாயில்லை. நெடுங்கால் உள்ளான் ஏறக்குறைய ஒரு சாண் தண்ணீரிலும் நடக்கும். பூநாரை அரை மீட்டர் ஆழத்திலும் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து மேயும். நீங்கள் போன அன்று சதுப்பு பூநாரைக்கு ஏற்ற ஆழத்தில் இருந்திருக்கிறது.

அந்த மாதிரி நாளில் அகத்தியம்பள்ளிப் பக்கத்து உப்பளங்களைப் பாருங்கள். மழைக்காலத்தில் உப்பு வேலை நின்றிருக்கும். ஆழமில்லாத பாத்திகளிலும் வரப்புகளிலும் சிறு பறவைகள் ஒதுங்கி நிற்கும். வரப்பில் ஏறுவதற்கு முன் உப்பளக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நனைந்த வரப்பு மிதிபட்டுச் சரிந்தால் பாத்தியை அவர்தான் திரும்பக் கட்ட வேண்டும்.

மழை விட்டு இரண்டு மூன்று வாரம் ஆனால் சதுப்பு ஓரத்திலிருந்து வடிய ஆரம்பிக்கும். எங்கள் கணக்கில் தை, மாசி இரண்டும்தான் உள்ளானுக்கு உகந்த மாதங்கள். அப்போதும் காற்றைப் பார்த்துப் போங்கள். இந்தக் கடலில் ஓதத்தால் தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. பரந்து கிடக்கும் ஆழமில்லாத தண்ணீரைக் காற்றுதான் இங்கும் அங்கும் தள்ளுகிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்துக் கரையில் சேறு வெளிப்படும், பறவையும் அங்கே வந்து சேரும். வாடை பலமாக அடித்த மறுநாள் காலை வடக்கு, கிழக்கு ஓரங்களைத் தேடுங்கள்.

ஜனவரியில் இங்கே சூரியன் ஆறரை வாக்கில் உதிக்கும். ஆறேகாலுக்கே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்பதரை, பத்துக்கு மேல் சேற்றின் மேல் கானல் ஓட ஆரம்பித்தால் எந்த விலை கொடுத்து வாங்கிய பைனாக்குலரும் உதவாது. காலையில் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே சதுப்பைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுக்குள் இறங்க வேண்டாம். மேலே உப்புப் பொருக்கு காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் களி வழவழவென்று இருக்கும். முழங்கால் வரை உள்ளே போன பிறகு செருப்பு திரும்பி வராது. பைக்கைத் தார்ச் சாலையிலேயே நிறுத்துங்கள்.

கேள்வி: பைனாக்குலர் வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் 20×50 நன்றாக இருக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: வேண்டாம். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20×50-ல் அது இரண்டரை மில்லிமீட்டர்தான். விடியற்காலை மங்கலில் படம் இருண்டு தெரியும். போதாததற்குக் கை நடுக்கமும் இருபது மடங்காகும். 8×42-ல் ஒளிக்கற்றை 5.25 மில்லிமீட்டர், காட்சிப் பரப்பும் அகலம். ஓடும் உள்ளானைப் பிடிக்க இதுவே வசதி. திறந்த சதுப்பை மட்டுமே பார்க்கப்போகிறவர் 10×42 எடுக்கலாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மில்லிமீட்டராவது இடைவெளி தரும் மாடலாகக் கேட்டு வாங்க வேண்டும். பார்க்கும்போது ரப்பர் வளையத்தை மடக்கிவிட வேண்டும்.

வாங்கியவர்களில் பலர் கடைசிவரை சரிசெய்யாமலே பார்க்கிறார்கள். நடு மடிப்பை அசைத்து இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் வரை கொண்டுவாருங்கள். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக் கண்பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் லென்ஸைத் துணியால் துடைக்கக் கூடாது. காய்ந்த உப்பு பரல் மாதிரி கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், மென்மையான தூரிகையால் தட்டுங்கள், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உப்பைக் கரைத்து எடுங்கள், அதற்குப் பிறகுதான் உலர்துணி. தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டினால் நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசியில் புதைப்பது வேண்டாம், தவிட்டுத் தூசி மூட்டுக்குள் போகும்.

கேள்வி: எல்லா உள்ளானும் ஒரே மாதிரி சாம்பல் பழுப்பாகத் தெரிகின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வேதாரண்யம் கல்லூரி மாணவி

பதில்: நிறத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள் அம்மா. இங்கே தங்கும் மாதங்களில் பெரும்பாலும் அவை குளிர்கால இறகில் இருக்கும்; இனப்பெருக்கக் காலச் செம்மை எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். முதலில் எப்படி இரை எடுக்கிறது என்று பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரு கொத்து கொத்தும். அதற்குக் கண் பெரிது, அலகு குட்டை. கொசு உள்ளான் தலையை நிமிர்த்தவே நிமிர்த்தாமல் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே நகரும். அதே கூட்டத்தில் கொஞ்சம் பெரிதாக, அலகு கீழ்நோக்கி வளைந்து, வயிறு நனையும் அளவு தண்ணீரில் நிற்பது வளைமூக்கு உள்ளான். முன்னது 14 சென்டிமீட்டர், பின்னது 20. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அளவை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அது பிறகு எல்லாப் பறவைக்கும் அளவுகோலாகும்.

அடுத்து, தானாகப் பறக்கும்போது முதுகும் இறக்கையும். வளைமூக்கு உள்ளானுக்கு வாலடியில் வெள்ளைப் பட்டை. கொசு உள்ளானுக்கு அந்த இடத்தின் நடுவே கறுப்புக் கோடு. பவளக்காலிக்கு இறக்கையின் பின்விளிம்பு பளிச்சென்று வெள்ளை. பச்சைக்காலிக்கு வெள்ளை முக்கோணமாக முதுகில் ஏறிப்போகும்.

கால் நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் பச்சை என்று எழுதியிருக்கும். சேற்றில் நின்றுவிட்டு வந்த மஞ்சள் காலும் கறுப்பாகத்தான் தெரியும். பறவை தண்ணீருக்குள் போய்க் கால் கழுவி வரும்வரை காத்திருங்கள். டெம்மிங்க் பெரும்பாலும் கூட்டத்தில் சேராது; நல்ல தண்ணீர்க் குட்டை, வாய்க்கால் ஓரம் ஒன்றிரண்டாக இருக்கும். நோட்டில் பெயர் எழுதும் முன் பார்த்ததை எழுதுங்கள். "அலகு நீளம் தலையளவு, தண்ணீர் முழங்காலுக்கு, தனியாக" என்ற ஒரு வரி, தப்பாக எழுதிய பெயரைவிட மேல்.

கேள்வி: மகள் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கிறாள். ஜனவரியில் போகிறேன். பனி மூடிய கடற்கரையில் பறவை பார்க்க முடியுமா? நமக்குக் குளிர் பழக்கம் இல்லையே.
– மன்னார்குடி வாசகர்

பதில்: தாராளமாக முடியும். அந்தக் கரையின் சிறந்த காலமே அதுதான். பாஸ்டனுக்கு வடக்கே பிளம் தீவில் பார்க்கர் ரிவர் வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. பனி ஆந்தை அங்கே மணல்மேட்டிலும் உவர்ப் புல்வெளியிலும் குளிர்காலத்தில் வந்து உட்காரும். எல்லா வருடமும் ஒரே எண்ணிக்கையில் வராது. ஆர்க்டிக்கில் லெம்மிங் எலி பெருகிய கோடையில் குஞ்சுகள் அதிகம் பிழைக்கும், அந்தக் குளிர்காலத்தில் தெற்கே இளம் ஆந்தைகள் அதிகம் இறங்கும். 2013–14 குளிர்காலம் அப்படி ஒன்று. கிட்டத்தட்டத் தூய வெள்ளையாக இருப்பது முதிர்ந்த ஆண். உடல் முழுக்கக் கறுப்பு வரி ஓடினால் பெரும்பாலும் இளையது. பனிக்கட்டி, வெள்ளைப் பிளாஸ்டிக், ஆந்தை மூன்றும் தூரத்தில் ஒன்றுதான். தலை திரும்புகிறதா என்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாறைக் கரை வேண்டுமானால் கேப் ஆன் முனை: கிளவுசெஸ்டர், ராக்போர்ட். அலை உடையும் இடத்தில் ஹார்லிகுயின் வாத்து, ஈடர் வாத்து, லூன் என்ற மூழ்கு பறவை. பாசிப் பாறையில் ஊதா உள்ளான். வாத்தும் லூனும் மூழ்கினால் அரை நிமிடம், ஒரு நிமிடம் காணாமல்போகும். பைனாக்குலரை அந்த இடத்திலேயே வைத்திருங்கள். தேடி அலைந்தால் தவறவிடுவீர்கள். கரை கிழக்கு பார்த்தது, குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக எழும், ஆகவே காலையில் கண் கூசும். பகல் பன்னிரண்டுக்கு மேல்தான் நல்ல வெளிச்சம். ஆனால் மாதத் தொடக்கத்தில் நாலரைக்குள் பொழுது அடைந்துவிடும், அதற்கேற்பப் புறப்படுங்கள்.

குளிருக்கு: உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் போடாதீர்கள். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காயாது, நின்றதும் உடம்பு சில்லிட்டுப்போகும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்று புகாத கோட்டு. ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து, ஒரு சாக்ஸைவிடச் சீக்கிரம் விறைக்கும். கைக்கு மெல்லிய உறை, அதன் மேல் விரல் பிரியாத தடித்த உறை. கண்ணாடியைத் திருப்பும்போது மேலுறையை மட்டும் கழற்றுங்கள். கறுத்த பாசியின் மேல் பனி உறைந்த பாறையில் கால் வைக்கவே வேண்டாம்.

கண்ணாடிக்கு: வில்லையின் மேல் ஊதாதீர்கள், மூச்சு அங்கேயே உறைந்துவிடும். கேமரா பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் வேகமாக இறங்கும். வீட்டுக்குத் திரும்பும் முன், வெளியிலேயே கண்ணாடியையும் கேமராவையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். உள்ளே வந்து ஒரு மணி நேரம் பிரிக்கக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பதுபோல ஈரம் பையின் மேல் படியட்டும், லென்ஸுக்குள் படிய வேண்டாம்.

ஆந்தை பகலில் ஓய்வெடுக்கும். கண்ணைப் பாதி மூடியிருந்தால் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம். உங்களைப் பார்த்துக் கண்ணை முழுசாகத் திறந்து உடம்பை நிமிர்த்தினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். காரை நிறுத்துமிடத்தில் நிறுத்தி உள்ளிருந்தே பார்ப்பது அதற்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

கேள்வி: கூட்டம் பறக்கிற படம் வேண்டும் என்று நண்பர்கள் கைதட்டிக் கிளப்புகிறார்கள். தவறா?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: தவறு. கொசு உள்ளானின் எடை இருபது, இருபத்தைந்து கிராம். சைபீரியத் துந்திரப் பகுதிக்குத் திரும்பிப் பறக்கக் கொழுப்பைச் சேர்க்க வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு வீண் எழும்பலும் அதன் கையிருப்பிலிருந்து போகிறது. பங்குனியில் இது இன்னும் மோசம். பருந்து வரும்போது அவை தாமாகவே எழும்பும், அந்தப் படத்துக்குக் காத்திருங்கள்.

கேள்வி: காலில் வளையம் போட்ட பறவை ஒன்றைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும்?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது, வேறு நாட்டில் இட்ட வளையமாகவும் இருக்கலாம். எந்தக் கால் (பறவையின் இடது, உங்கள் இடது அல்ல), முழங்கால் மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிறங்களின் வரிசை, எழுத்து இருந்தால் அது, தேதி, இடம் ஆகியவற்றைக் குறித்துக் கழகத்துக்கு அனுப்புங்கள். கலங்கலான படம்கூட உதவும். உப்பில் நிறம் வெளுத்திருக்கும்; வெள்ளையா மஞ்சளா என்று சந்தேகம் வந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள்.

கேள்வி: கோடியக்கரை வரை போக நேரம் இல்லை. பக்கத்தில் என்ன பார்க்கலாம்?
– திருவாரூர் வாசகர்

பதில்: வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன, இரண்டும் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. வடுவூரில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி; உதயமார்த்தாண்டபுரத்தில் நத்தைகுத்தி நாரை. அதற்கும் நேரம் இல்லையென்றால் சம்பா அறுத்த வயல். ஈரம் காயாத தாளடியில் மஞ்சள் வாலாட்டியும் பொன்னிற உப்புக்கொத்தியும் இறங்கும். வரப்புக்கு மேலே தாழ்வாகப் பூனைப்பருந்து சுற்றும். உளுந்து முளைத்து வயல் மூடுவதற்குள் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பனிக் கடற்கரையில் இருக்கும் பறவை ஏதாவது நம் கரைக்கும் வருமா?
– சீர்காழி பள்ளி மாணவர்

பதில்: வரும் தம்பி. சாண்டர்லிங் என்ற வெளுத்த உள்ளான், அலை பின்வாங்கும்போது அதன் பின்னால் ஓடிக் கொத்திவிட்டு, அடுத்த அலைக்கு முன்னால் திரும்பி ஓடிவரும். ஆர்க்டிக்கில் முட்டையிடும் இதே இனம் ஜனவரியில் பிளம் தீவுப் பனிக்கரையிலும் இருக்கும், நம் கோடியக்கரை மணலிலும் இருக்கும். மற்ற உள்ளான்களுக்கு இருக்கும் பின்விரல் இதற்குக் கிடையாது. ஈர மணலில் முன்விரல் மூன்று மட்டும் பதிந்த தடம் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டே அலை ஓரமாகப் போய்ப் பாருங்கள். உப்புக்கொத்திக்கும் பெரும்பாலும் பின்விரல் இல்லை என்பதால், பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் எழுதுங்கள்.