27 அங்குலமா 32-ஆ, 4கே-வா 1440-ஆ? மானிட்டர் பற்றி நீங்கள் கேட்டவை

மானிட்டர் வாங்குவதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திரையில் எழுத்தைப் படிப்பீர்கள்?" என்பதைத்தான். கேம் இரண்டு மணி நேரம், வேலை எட்டு மணி நேரம் என்றால் அந்த எட்டு மணி நேரத்துக்குத்தான் முதலில் திரை தேட வேண்டும்.

அண்ணே, செந்தூலில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே புரோகிராமிங் வேலை. இரவில் வேலோரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம், சனி ஞாயிறில் பெரிய கதை கேம்கள். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. கையில் 1,500 ரிங்கிட். 27 அங்குலத்தில் 4கே வாங்கலாமா, 1440பி போதுமா?

தம்பி, முதலில் கார்டைப் பார்ப்போம், திரையில் தெரியும் படத்தை வரைவது அதுதான். 1080பி, 1440பி என்ற எண் திரையில் மேலிருந்து கீழாக எத்தனை பிக்சல் (படத்தின் ஒளிப்புள்ளி) என்பது. 1080பி திரையில் மொத்தம் சுமார் 20.7 இலட்சம் பிக்சல். 1440பி-யில் 36.9 இலட்சம். 4கே-வில் 82.9 இலட்சம். அதாவது 1440-இலிருந்து 4கே-வுக்குப் போனால் கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டேகால் மடங்கு வரைய வேண்டும். 8 ஜிபி நினைவகம் உள்ள 4060 புதிய கதை கேம்களில் அங்கே திணறும். டிஎல்எஸ்எஸ் என்ற கார்டின் வசதியைப் போட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். 4கே-வில் அதன் 'பெர்ஃபாமன்ஸ்' நிலை உள்ளுக்குள் 1080பி-யில் வரைந்துவிட்டுப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனாலும் எல்லா கேமிலும் அந்த வசதி கிடையாது.

அடுத்தது பணம். 1,500-க்குள் கிடைக்கும் 4கே திரைகளில் பல 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறைதான் படம் மாறும். 60-இல் ஒரு படம் திரையில் 16.7 மில்லி விநாடி நிற்கும், 144-இல் 6.9 தான். வேலோரன்ட் ஆடுகிறவருக்கு அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். அதனால் உங்களுக்கு 27 அங்குலம், 1440பி, 165 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை). ஆயிரம் ரிங்கிட்டுக்கு முன்னே பின்னே நல்லதாகவே கிடைக்கும். மிச்சப் பணத்தை அடுத்த கார்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் வேறு மாதிரி சொல்வேன். ஒரு வருடத்துக்குள் கார்டை மாற்றும் திட்டம் இருந்து, இன்னும் ஐந்நூறு, அறுநூறு ரிங்கிட் புரட்ட முடிந்தால், 4கே 144 ஹெர்ட்ஸே வாங்கிவிடுங்கள். கார்டு இரண்டு முறை மாறும் காலத்துக்கும் ஒரே மானிட்டர் தாங்கும். நாள் முழுக்க புரோகிராம் வரிகளைப் படிக்கும் கண்ணுக்கும் அதுதான் சுகம்.

நான் காஜாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பள்ளியில் 27 அங்குலம் 1080பி மானிட்டர் கொடுத்திருக்கிறார்கள். கேள்வித்தாள் தயாரிக்கும்போது புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, தலைவலியும் வருகிறது. கண்ணில் கோளாறா, திரையில் கோளாறா? வீட்டுக்கும் ஒன்று வாங்கப் போகிறேன்.

டீச்சர், கண்ணை ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள், அது எப்படியும் நல்லது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறி எனக்கு நன்றாகப் பழக்கமானது. திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

27 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான். ஒவ்வொரு பிக்சலும் 0.31 மில்லிமீட்டர். இதிலே தமிழ் எழுத்துக்கு வரும் கஷ்டம் ஆங்கிலத்துக்கு வராது. வேர்டில் எழுத்தின் அளவை 10 என்று வைத்துத் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிதாக்கல் 100 விழுக்காட்டில் இருந்தால் அந்த எழுத்துக்குத் திரை ஒதுக்குவது மொத்தமே 13 பிக்சல் உயரம். அந்த 13-க்குள் சுழி வர வேண்டும், கொம்பு வர வேண்டும், உகரத்தின் வால் கீழே இறங்க வேண்டும், மெய்யெழுத்தென்றால் தலைக்கு மேல் புள்ளியும் உட்கார வேண்டும். புள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு பிக்சல், அதுவும் பாதி கறுப்பு, பாதி சாம்பல்.

ஒரு நாள் பட்டறையில் இப்படி ஒரு திரையையும் ஒரு 27 அங்குல 4கே திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'கண்ணன் வெண்ணெய் உண்டான்' என்று தட்டிப் பார்த்தேன். முதல் திரையில் 'ண்ண' இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புச் சுருளாகத் தெரிந்தன. புள்ளி எந்த ணகரத்துக்கு மேல் நிற்கிறது என்று குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பீர்களே, அந்தச் சுழிகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ண முடிந்தது. 4கே-வில் 150 விழுக்காடு பெரிதாக்கினால் அதே எழுத்துக்கு 20 பிக்சல் கிடைக்கிறது. எழுத்தின் அளவும் கண்ணுக்குச் சுகமாக இருக்கும்.

வீட்டுக்கு நீங்கள் 144 ஹெர்ட்ஸ் எதுவும் தேட வேண்டாம். 27 அங்குலம், 4கே, 60 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ், உயரத்தை ஏற்றி இறக்கும் தாங்கி. மகன் மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் ஆடுவதற்கும் அது தாராளம்.

அண்ணே, புக்கிட் ஜாலிலில் கொண்டோ வீடு, இடம் கம்மி. பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் கன்சோலுக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கும் ஒரே மானிட்டர் போதுமா?

போதும். ஆனால் பெட்டியில் சில விஷயம் பாருங்கள். படம் அனுப்பும் துளைகளில் பிஎஸ்5-இல் டிஸ்பிளேபோர்ட் கிடையாது, ஹெச்டிஎம்ஐ மட்டும்தான். 4கே-வில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ 2.1 இருக்க வேண்டும். 2.0 என்றால் 4கே 60-உடன் நின்றுவிடும். விற்பனைத் தாளில் '4கே 144' என்று பெரிதாகப் போட்டிருக்கும், அது டிஸ்பிளேபோர்ட்டுக்கு மட்டும் சொன்னதாக இருக்கலாம். எந்தத் துளையில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 1440பி திரையும் பாதகமில்லை. 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து பிஎஸ்5 அதை நேரடியாகவே ஏற்றுக்கொள்கிறது.

லேப்டாப்புக்கு யூஎஸ்பி-சி உள்ள மானிட்டராகப் பாருங்கள். ஒரே கேபிளில் படமும் போகும், சார்ஜும் ஏறும். 65 வாட்டாவது இருக்கட்டும், பெரிய லேப்டாப் என்றால் 90. உங்கள் லேப்டாப்பின் அந்தத் துளை படம் அனுப்புமா, வெறும் சார்ஜுக்கு மட்டுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இதில் நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். ஒரு கடையில் '4கே சப்போர்ட்' என்று சொல்லி, லேப்டாப்பின் ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் மாட்டினால் மௌஸ் அம்பு தேனில் விழுந்த எறும்பு மாதிரி நகர்கிறது. மானிட்டர்தான் கெட்டுப்போனது என்று நினைத்து இரண்டு சாயங்காலம் அதையே கழற்றி மாட்டினேன். கடைசியில் ஹப் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் '30 ஹெர்ட்ஸ்' என்று இருந்தது. எந்த ஹப் வாங்கினாலும் '4கே 60' என்ற எண் கண்ணில் பட்ட பிறகே பணம் கொடுங்கள்.

ஹெச்டிஆர் 400 என்று போட்டிருக்கிறதே, அதற்காக 200 ரிங்கிட் அதிகம் கொடுக்கலாமா?

வேண்டாம். ஹெச்டிஆர் என்பது ஒரே காட்சியில் வெளிச்சமும் இருட்டும் எடுப்பாகத் தெரிவதற்கான ஏற்பாடு. அந்த 400 தரத்துக்கு 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) எட்டினால் போதும், திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்க வைக்கும் ஏற்பாடு கட்டாயமில்லை. அது இல்லாத திரையில் இருட்டுக் காட்சி சாம்பலாகத்தான் இருக்கும். ஹெச்டிஆர் பிடிக்குமென்றால் ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை), அல்லது நிறைய மங்கல் பகுதிகள் உள்ள மினி எல்இடி.

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் படம், ஆல்பம் எடிட்டிங் செய்கிறேன். இரவில் கேம். ஓஎல்இடி மேல் ஆசை. வாங்கினால் தப்பா?

ஆசை நியாயமானதுதான். ஓஎல்இடி-யில் கறுப்பு என்றால் அந்தப் பிக்சல் அணைந்தே போகும். ஐபிஎஸ்-இல் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் பொதுவாக 1000-க்கு 1, விஏ என்ற இன்னொரு பேனல் வகையில் 3000-க்கு 1 என்ற கணக்கில் இருக்கும். இருட்டு மண்டபத்தில் குத்துவிளக்கு எரியும் ஒரு படத்தை ஓஎல்இடி-யில் பார்த்துவிட்டு ஐபிஎஸ்-க்குத் திரும்பினால் மனசு ஒப்பாது.

ஆனால் உங்கள் வேலையை நினைத்துப் பார்க்கிறேன். எடிட்டிங் மென்பொருளின் பட்டைகள் நாள் முழுவதும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். அந்த வடிவம் வருடக் கணக்கில் திரையில் சுவடாகப் பதியும் ஆபத்து ஓஎல்இடி-க்கு உண்டு. ஒரு பிக்சலுக்குள் நிறங்களைத் தரும் துணைப் பிக்சல்களின் அமைப்பு வேறு என்பதால் பொடி எழுத்தின் ஓரத்தில் லேசாக நிறம் கசியும், 4கே-வில் அது குறைவு. கியூடி-ஓஎல்இடி வகையில் இன்னொன்று: அறைக்குள் பகல் வெளிச்சம் வந்தால் கறுப்பு ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். உங்கள் மேசை ஜன்னலோரமா?

எடிட்டிங்கில்தான் சாப்பாடு என்றால் 27 அல்லது 32 அங்குல 4கே ஐபிஎஸ் வாங்குங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அளவுகோலுக்கான நிலை இருக்க வேண்டும், நிறத்தைச் சரிபார்க்கும் கருவி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டுச்சேலையின் அரக்கு நிறம் திரையில் ஒன்றாகவும் ஆல்பத்தில் ஒன்றாகவும் வந்தால் பெண் வீட்டாரிடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பின்னாளில் ஓஎல்இடி-யை கேமுக்கென்றே இரண்டாவது திரையாக வாங்கலாம். அப்போது உத்தரவாதத்தில் சுவடு பதிவதும் சேர்த்தியா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

1 மில்லி விநாடி என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கிறதே?

பிக்சல் நிறம் மாற எடுக்கும் அந்த நேரம், மாற்றத்தை விரைவாக்கும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்து அளந்த எண்ணாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த நிலையில் ஓடும் உருவத்துக்குப் பின்னால் வெள்ளை நிழல் வரும். நடு நிலையில் வைத்து ஆடுங்கள். மலிவு விஏ பேனலில் மட்டும் எச்சரிக்கை, இருட்டுக் காட்சியில் உருவம் இழுபடும்.

தம்பி, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 61 வயது. கணக்கு வேலை, எக்செல், எப்போதாவது கார் ரேஸ் கேம். 43 அங்குல டிவியையே மானிட்டராக வைத்தால் என்ன?

ஐயா, வைக்கலாம். 43 அங்குல 4கே டிவியில் ஓர் அங்குலத்துக்கு 102 பிக்சல் வரும், மோசமில்லை. ஆனால் 80, 90 சென்டிமீட்டராவது தள்ளி உட்கார மேசையில் இடம் வேண்டும். டிவியின் அமைப்பில் பிசி நிலையைப் போடுங்கள். போடாவிட்டால் பல டிவிகள் நிற விவரத்தைப் பாதியாக்கிவிடும், எக்செல்லில் சிவப்பு எழுத்து கலங்கித் தெரியும்.

என்னைக் கேட்டால் 32 அங்குல 4கே, 150 விழுக்காடு பெரிதாக்கல். அங்குலத்துக்கு 138 பிக்சல், எண்கள் கத்தி மாதிரி இருக்கும். அதே 32 அங்குலத்தில் மலிவாக வரும் 1440பி-யைத் தொடாதீர்கள், அது 92-க்கு இறங்கிவிடும். இரட்டைக் கண்ணாடி போடுகிறவரானால் திரையைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள். கண்ணாடியின் கீழ்ப்பாதியால் பார்ப்பதற்காகத் தலையை நிமிர்த்தி நிமிர்த்தியே கழுத்து போய்விடும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? லோ யாட் போகலாமா, ஆன்லைனா?

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய்க் கண்ணால் பாருங்கள், எங்கே விலை சரிப்படுகிறதோ அங்கே வாங்குங்கள். போகும்போது ஒரு பென்டிரைவில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெறும் படங்களும், நீங்கள் தினமும் படிக்கிற மாதிரி ஒரு பக்கமும் எடுத்துப் போங்கள். செத்த பிக்சல் இந்த ஐந்தில் ஏதாவதொன்றில் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் வெளிச்சம் கசிவதைக் கடையில் பார்க்க முடியாது, அங்கே விளக்கு அதிகம். வீட்டில் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புப் படத்தைப் போடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். பெட்டியையும் அதுவரை எறியாதீர்கள்.

கோளாறான சாமானைக் கொடுத்துவிட்டு விற்றவர் கைவிரித்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம், ரசீது மட்டும் பத்திரம்.

அப்புறம், நம் ஊரில் சாயங்கால மழையென்றால் இடியும் கூடவே வரும். மின்னல் ஆரம்பித்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுபடியும் காஜாங் டீச்சர். வீட்டுக்கு நீங்கள் சொன்னதையே வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பள்ளியில் திரையை மாற்ற முடியாது. அதை வைத்து என்ன செய்யலாம்?

திரையை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளுங்கள். விண்டோஸில் பெரிதாக்கலை 125 ஆக்குங்கள், எழுத்தைத் தெளிவாக்கும் வசதியான கிளியர்டைப் என்று தேடினால் வரும் சோதனையை ஒரு முறை செய்து முடியுங்கள், வெளிச்சத்தைப் பக்கத்தில் பிடித்த வெள்ளைத் தாளின் அளவுக்குக் குறையுங்கள். வேர்டில் தட்டும்போது பக்கத்தை 150-இல் வைத்துக்கொள்ளுங்கள், அச்சில் வரும் எழுத்தின் அளவு மாறாது. தாள் அச்சுக்குப் போகும் முன் 200-க்கு ஏற்றி, மெய்யெழுத்துப் புள்ளிகளை மட்டும் தேடிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.