ஒரே அளவு பால் குடிக்கும் இரண்டு கன்றுகளில் ஒன்று மட்டும் ஏன் தேறவில்லை?

உங்கள் கேள்வி இதுதான்: ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு கலப்பினக் கிடேரிக் கன்றுகள். இரண்டுக்கும் நாளைக்கு 3 லிட்டர் பால். ஒன்று மளமளவென்று வளர்கிறது. மற்றது வயிறு மட்டும் பெருத்து, மெலிந்து நிற்கிறது. செல்களில் ஆற்றல் உற்பத்தி குறைந்ததுதான் காரணமா, டானிக் கொடுக்கலாமா?

நான் கால்நடை மருத்துவன். செல்களின் ஆற்றலுக்கும் வளர்ச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆனால் நான் பார்க்கும் நோஞ்சான் கன்றுகளில் பெரும்பாலும் ஆற்றல் உண்டாகாமல் இல்லை. உண்டானது வளர்ச்சிக்கு வந்து சேருவதற்குள் வேறு வழிகளில் செலவாகிவிடுகிறது.

30 கிலோ எடையுள்ள கன்று ஓடாமல் வளராமல் வெறுமனே உயிரோடிருக்க நாளைக்குச் சுமார் 1,300 கிலோ கலோரி வேண்டும். ஒரு லிட்டர் பாலில் அதற்குப் பயன்படக்கூடியது ஏறத்தாழ 700. ஆகவே முதல் இரண்டு லிட்டரும் (கொஞ்சம் குறைவாக) உயிர் வாழ்வதற்கே போய்விடும். மீதியுள்ள ஒரு லிட்டர் சொச்சத்தில்தான் எலும்பும் தசையும் உருவாக வேண்டும். அதில் நாளைக்குக் கால் கிலோ அளவுக்கு எடை ஏறும். அந்த மீதியில் அரை லிட்டர் பறிபோனால் எடையேற்றம் 150 கிராமுக்கு இறங்கிவிடும். 3 லிட்டரில் அரை லிட்டர் சிறிய குறையாகத் தோன்றலாம். வளர்ச்சிக்கு அது பெரிய இழப்பு.

அந்த இரண்டு லிட்டரை எது தின்கிறது? பாலிலுள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் கூடம் எரித்து, வரும் ஆற்றலை ஏடிபி என்ற மூலக்கூறில் சேர்க்கிறது. செல்லுக்குள் புகும் சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளுவதற்கே அதில் கணிசமான பங்கு செலவாகிறது. தேய்ந்த புரதங்களைப் புதுப்பிக்க இன்னொரு பங்கு. அமினோ அமிலம் ஒன்றைப் புரதச் சங்கிலியில் கோக்கவே குறைந்தது நான்கு ஏடிபிக்கு ஈடான ஆற்றல் தேவை. போதாததற்கு, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு வழியே புரோட்டான்கள் (நேர்மின் துகள்கள்) கசிவதால் ஆற்றலில் ஒரு பகுதி ஏடிபி ஆகாமல் வெப்பமாகிவிடுகிறது. எலிகளில் அளந்தபோது ஓய்வுநிலை ஆக்சிஜன் செலவில் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கசிவுக்கே போனது. பிறந்த கன்றின் பழுப்புக் கொழுப்பில் இதே கசிவு வேண்டுமென்றே நடக்கிறது. குளிரிலிருந்து கன்றைக் காப்பது அதுதான்.

கசிவின் அளவு மாட்டுக்கு மாடு வேறுபடலாம். மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் தாய்வழியாக மட்டுமே வருபவை. ஆனால் உங்கள் தொழுவத்தில் அதைத் தேடிப் போவதற்கு முன் கண்ணெதிரே உள்ளவற்றைப் பாருங்கள்.

முதலில் காய்ச்சல். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அடிப்படைச் செலவு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். இரண்டு டிகிரி ஏறினால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பால் அதிலேயே எரிந்துபோகும். சளியோடு பால் குடித்துக்கொண்டிருக்கும் கன்று ஏன் வளரவில்லை என்பதற்கு இதுவே போதும். வெப்பமானி வைத்துப் பாருங்கள், 38.5 முதல் 39.5 வரை இயல்பு. அடுத்து ஈரத்தரை. முதல் மூன்று வாரங்களில் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனாலே கன்று சூடேற்றிக்கொள்ளச் செலவழிக்கத் தொடங்கும். ரோமம் நனைந்திருந்தால் அதற்கு முன்பே. ஓசூர்ப் பக்கத்து மார்கழி இரவில் ஈர சிமெண்ட் தரையில் படுக்கும் கன்றுக்கு எத்தனை லிட்டர் ஊற்றினாலும் போதாது. கனமாக வைக்கோல் பரப்புங்கள்.

வயிறு பெருத்திருக்கிறது என்கிறீர்களே, அதனால் எனக்குக் குடற்புழுவின் மேல்தான் முதல் சந்தேகம். பத்தாம் நாளில் ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை புழுநீக்கம் நடந்ததா? இல்லையென்றால் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள். வைக்கோலை அதிகம் தின்றாலும் இப்படி வயிறு தொங்கும். அசையூண் வயிற்றை (தீவனம் நொதிக்கும் முதல் வயிறு) வளர்ப்பது அடர் தீவனம். அது நொதித்து வரும் பியூட்டிரிக் அமிலம் அந்த வயிற்றுச் சுவருக்கே உணவு. புரோப்பியோனிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக்கும். பாலிலிருந்து தீவனத்துக்கு மாறும் இந்த மாற்றம் நடக்காத கன்றுக்குப் பாலைச் சட்டென்று நிறுத்தினால் செல்களுக்கு எரிபொருள் அறுந்துபோகும்.

பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாச நொதிகள் இரும்பின்றி இயங்கா. ஈறு வெளுத்து இரும்புக் குறை தெரிந்தால், ஆற்றல் உற்பத்தி குறைந்ததோ என்ற உங்கள் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. அப்போதும் டானிக் வாங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். கொழுப்புச் சேமிப்பு மிகக் குறைவாக உள்ள உடல் அது. பாலை நிறுத்தினால் தன் தசையையே எரிக்கத் தொடங்கும். பாலை வழக்கம்போல் கொடுத்து, இரண்டு மணி நேர இடைவெளி விட்டு உப்பு-சர்க்கரைக் கரைசலைத் தனியாகக் கொடுங்கள்.