நெருக்கடி வந்தால் நிறுவனம் என்ன பேசுவது? – கேள்வி பதில்

வழக்கமான புகார் எது, நெருக்கடி எது? எப்படிப் பிரித்துப் பார்ப்பது சார்?

யாருடைய உயிருக்கோ பணத்துக்கோ ஆபத்து என்றால் அப்போதே நெருக்கடிதான். அது இல்லாவிட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களிலிருந்து ஒரே மாதிரிப் புகார் வருகிறதா என்று பாருங்கள். விஷயம் கீழ்மட்டத்தில் முன்பே தெரிந்திருக்கும்; மேலே சொன்னால் திட்டு விழும் என்று அமுக்கிவிடுவார்கள். புகார் கொண்டுவருபவரைக் கடிந்துகொள்ளும் மேலாளர் இருக்கும்வரை எந்த எச்சரிக்கை ஏற்பாடும் வேலை செய்யாது.

முதல் ஒரு மணி நேரத்தில் கையில் விவரமே இருக்காதே?

நான்கு வரி போதும்: உறுதியாகத் தெரிந்தது, பாதிக்கப்பட்டவர்கள் இப்போது செய்ய வேண்டியது, நீங்கள் செய்துகொண்டிருப்பது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. உதாரணமாக: "காலை 9.40-க்குக் கிடங்கில் தீப்பிடித்தது. அருகில் குடியிருப்பவர்கள் ஜன்னல்களை மூடி வையுங்கள். ஊழியர்களை வெளியேற்றிவிட்டோம், கணக்கெடுப்பு நடக்கிறது. அடுத்த தகவல் 11.30-க்கு."

11.30-க்குப் புதிதாக எதுவும் கிடைக்காவிட்டாலும், 'புதிய தகவல் இல்லை, அடுத்து 1 மணிக்கு' என்று சொல்லியே ஆக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். எண்ணிக்கை சொன்னால் '11 மணி நிலவரப்படி' என்று சேருங்கள். இல்லாவிட்டால் எண் மாறும்போது பொய் சொன்னதாகிவிடும். காரணத்தை ஊகிக்கவே கூடாது.

மன்னிப்புக் கேட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்கிறார் எங்கள் வக்கீல்.

அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் வருத்தம் வேறு, சட்டப் பொறுப்பு வேறு. 'காயமடைந்தவர்களுக்கு நேர்ந்ததை எண்ணி வருந்துகிறோம்' என்பதில் யார் தவறு என்ற பேச்சே இல்லை. வாசகத்தை அவரிடம் காட்டுங்கள், நேர வரம்பும் சொல்லுங்கள். 'சிரமம் ஏற்பட்டிருந்தால்' என்பதில் உள்ள அந்த 'இருந்தால்' மட்டும் வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். 2017 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்து வெளியேற்றினார்கள். நிறுவனத் தலைவரின் முதல் அறிக்கை, பயணிகளுக்கு 'மாற்று ஏற்பாடு' செய்ய நேர்ந்ததற்கு வருந்தியது. காணொளியில் ரத்தம் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த நாளே முழு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஊழியர்களுக்கு எப்போது சொல்வது?

வெளியே அறிவிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால். ஸ்கிரீன்ஷாட் வெளியே போகும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

யார் பேச வேண்டும்?

ஒருவர், அவருக்கு ஒரு மாற்று. உயிரிழப்பு என்றால் தலைமைப் பொறுப்பில் இருப்பவரே.

வேறு எதையாவது மறந்துவிடுவோமா?

முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த விளம்பரப் பதிவுகள்! துக்கச் செய்திக்குக் கீழே 'கொண்டாட்டத் தள்ளுபடி' வந்து நிற்கும். முதல் அறிக்கைக்கு முன்பே அத்தனையையும் நிறுத்துங்கள்.