வாசகர் கேள்வி: முதல் கூட்டத்துக்குப் போகும் முன்

கேள்வி: என் கணவருக்கு வயது 41, தேயிலை ஃபேக்டரியில் வேலை. பன்னிரண்டு வருடக் குடி. இப்போது காலையிலேயே ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. "ஏ.ஏ. கூட்டத்துக்கு வர்றேன்" (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) என்று அவராகவே சொல்கிறார். எங்கே விசாரிப்பது, பணம் எவ்வளவு ஆகும், போகுமுன் குடியை நிறுத்திவிட வேண்டுமா?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம். நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும் என்று எந்த ஏ.ஏ. குழுவும் கேட்காது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். ஆனால் காலைக் குடியில்தான் நடுக்கம் அடங்குகிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. அவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, இல்லாத ஆளோடு பேசுவார், போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டுவார். அது உயிருக்கே ஆபத்தான நிலை. "ஞாயிறு கூட்டம், வெள்ளியிலிருந்தே தொடாதே" என்று வீட்டில் சத்தியம் வாங்கும்போது இப்படித்தான் ஆகிறது.

அதனால் முதலில் மருத்துவர். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். அதற்கிடையில் பக்கத்துக் கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். நாள்பட்டுக் குடித்தவர்களுக்கு தயமின், அதாவது பி1 ஊசி முதலில் போக வேண்டும்.

இனி கூட்டம். ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். டெலி மானஸில் தமிழிலும் பேசலாம். பட்டியலில் முகவரி இருக்கிறதே என்று பஸ் ஏறிவிடாதீர்கள். மலையில் சிறிய குழுக்கள் இடம் மாறும், ஆள் குறைந்து நின்றும் போகும். முதலில் போன் போட்டு நாலு விஷயம் கேளுங்கள்: இந்த வாரம் நடக்கிறதா, தமிழிலா, எத்தனை மணிக்கு முடியும், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்ததில் நீங்களும் உட்காரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முடியும் நேரத்தைக் கேட்பது திரும்பி வரும் கடைசி பஸ்ஸுக்காக. கோத்தகிரியில் தெரிந்த முகம் அதிகம் என்று கூச்சப்பட்டால் குன்னூர், ஊட்டி, மேட்டுப்பாளையம், கோவைப் பக்கமும் விசாரியுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபடும், அதற்கு மாற்று யோசித்து வையுங்கள்.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். புதிதாக வருபவர் போட வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடமாட்டார், புத்தி சொல்லவும் மாட்டார். "நான் ஒரு குடிநோயாளி" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது உங்கள் கணவர் "இன்னைக்கு கேட்கத்தான் வந்தேன்" என்றாலே போதும். சர்ச் ஹாலில் நடந்தால் மதம் மாற்றுவார்களோ என்று பயப்பட வேண்டாம், அது இடம் மட்டுமே. ஒரு கூட்டத்தோடு முடிவு கட்டாமல் நாலைந்து கூட்டமாவது போகட்டும். சம்பள நாளில் கூட்டம் இருந்தால் அதைத் தவறவிடவே கூடாது என்பது எங்கள் கருத்து. குடிப்பவர் குடும்பத்துக்கென்று அல்-அனான் தனியாக உண்டு. அவர் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கேள்வி: மகனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே?
— ஒரு தாய், குன்னூர்

பதில்: வேண்டாம் அம்மா. பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைத்தான் அப்படிக் கலக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். சிலருக்கு உயிரே போகும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து சாப்பிடுபவர் குடியைத் தவிர்ப்பார். தெரியாதவர் எப்படித் தவிர்ப்பார்? மகன் சம்மதித்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே இது மருந்து. அப்போதும் அரிஷ்டம், சில இருமல் சிரப் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: விட்டு மூன்று மாதம் ஆகிறது. எஸ்டேட்டிலிருந்து கூட்டத்துக்குப் போக அரை நாள் ஆகிறது. ஆன்லைன் கூட்டம் போதுமா? குளிருக்காவது கொஞ்சம் எடுக்கலாமா?
— வாசகர், கூடலூர்

பதில்: குளிருக்கு என்பது வெறும் சாக்கு. குடித்தால் தோலுக்கு ரத்தம் ஏறிச் சூடு போலத் தெரியும், உள்சூடு வெளியேறிவிடும். ஆன்லைன் கூட்டம் நல்லதுதான், தமிழிலும் நடக்கிறது. வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். லைன் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் இயர்போன் கட்டாயம், அடுத்தவர் பேச்சும் வெளியே போகக் கூடாது. சிக்னல் நிற்கும் இடத்தை முந்தைய நாளே பார்த்து வையுங்கள். மாதம் ஒருமுறையாவது நேரில் போய் ஒரு ஸ்பான்சரை, அதாவது உங்களுக்குத் துணை நிற்கும் அனுபவமுள்ள ஏ.ஏ. உறுப்பினர் ஒருவரைப் பிடியுங்கள். கல்யாண வீட்டில் யாராவது கிளாஸை நீட்டும்போது அவருக்குத்தான் போன் போட வேண்டும். அங்கே சிக்னல் இருக்காது என்று தெரிந்தால் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.