பர்சனல் எஸ்ஸேல தீசிஸ் ஸ்டேட்மென்ட் எங்க வைக்கணும்?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "வெளிநாட்டு காலேஜ் அப்ளிகேஷனுக்கு பர்சனல் எஸ்ஸே எழுதறேன், 650 வார்த்தைக்குள்ள முடிக்கணும். சின்ன வயசுலருந்து எனக்கு திக்குவாய், அதைப் பத்திதான். முதல் பாராவோட கடைசி வரில தீசிஸ் ஸ்டேட்மென்ட், அதாவது எஸ்ஸேவோட மையக் கருத்தை சொல்ற ஒரு வரி, இல்லன்னா அங்கயே ரிஜெக்ட்டுன்னு கன்சல்டன்ட் சொல்றார். 'விடாமுயற்சி இருந்தா எதையும் ஜெயிக்கலாம்னு என் திக்குவாய் கத்துக்குடுத்துச்சு'ன்னு அவரே ஒரு வரி எழுதியும் குடுத்துட்டார். வைக்கலாமா?"

வைக்காதீங்க. அந்த வரில திக்குவாய்ங்கற வார்த்தைய எடுத்துட்டு கால் ஃப்ராக்சர்னு போடுங்க, நீச்சல்னு போடுங்க, அப்பவும் பொருந்துதில்ல? யாருக்கு வேணாலும் பொருந்தற வரி உங்களோடது இல்ல, அவர் இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு அதை வித்தாரோ!

வாதக் கட்டுரைக்கு தீசிஸ் முன்னாடியே வரணும், நீங்க எதை நிரூபிக்கப் போறீங்கன்னு தெரிஞ்சாதான் படிக்கறவர் ஆதாரத்தை எடை போட முடியும். பர்சனல் எஸ்ஸேல நிரூபிக்க ஒண்ணும் இல்ல, முன்னாடி ஒரு மாதிரி நெனச்சீங்க, இப்ப வேற மாதிரி நெனைக்கறீங்க, நடுவுல ஏதோ நடந்துச்சு, அதுதான் விஷயமே. எஸ்ஸேங்கற பேரே முயற்சி பண்ணிப் பாக்கறதுங்கற அர்த்தத்துல பிரெஞ்சுலருந்து வந்தது, 1580ல பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் தன்னோட எழுத்துக்கு அந்தப் பேரை வெச்சார். அதைப் போய் அஞ்சு பாரா, பாராவுக்கு ஒரு பாயின்ட்னு அச்சுல வார்த்து மார்க் போடறது பள்ளிக்கூடங்கதான். திருத்த சுலபம், வேற காரணம் கிடையாது.

அதுக்காக தீசிஸே வேண்டாம்னு எடுத்துக்காதீங்க. அது உங்களுக்கு வேணும், படிக்கறவருக்குக் காட்டணும்னு அவசியமில்ல. முதல்ல தோணினபடி எழுதி முடிங்க. அப்புறம் தனியா ஒரு பேப்பர்ல "நான் இப்படி நெனச்சேன், ஆனா..."ன்னு ஆரம்பிச்சு ஒரே ஒரு வரி எழுதுங்க. உங்க விஷயத்துல அது இப்படி வரலாம்: "திக்கற வார்த்தைய தவிர்க்க மனசுக்குள்ள வாக்கியத்தை மாத்தி மாத்திப் போடறத நான் ஒளிஞ்சுக்கறதுன்னு நெனச்சேன், ஆனா ஒரே விஷயத்தை பத்து விதமா சொல்ல அதுதான் பழக்கிவிட்டுச்சு." இதை வேற யாரும் எழுத முடியாதுல்ல? இப்ப ஒவ்வொரு பாராவையும் இந்த வரி பக்கத்துல வெச்சுப் பாருங்க, சம்பந்தமில்லாதது எவ்ளோ நல்லா இருந்தாலும் தூக்கிடுங்க. 650 வார்த்தைல இடம் ரொம்ப கம்மி. வரியே எஸ்ஸேக்குள்ள வந்துதான் ஆகணும்னா கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி, சாதாரணமா பேசற மாதிரி வரட்டும். சம்பவமே அதை சொல்லிடுச்சுன்னா விட்டுடுங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு, இதை கொஞ்சம் கவனமா கேளுங்க. கேள்வியே நேரடியா இருந்தா, அதாவது "ஏன் இந்தக் கோர்ஸ்?" "ஏன் எங்க காலேஜ்?"னு கேட்டா, சுத்தி வளைக்காம பதிலை முதல் ரெண்டு மூணு வரிலயே சொல்லிடணும், அங்க கதை சொல்லி சஸ்பென்ஸ் வைக்கறது படிக்கறவர் பொறுமைய சோதிக்கறது. ஆனா "நீங்க சந்திச்ச ஒரு சவாலை விவரிங்க"ன்னு கேக்கறது இந்த வகை இல்ல, அது கதைக்கான அழைப்பு. "அதுலருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"ன்னு கூடவே ஒட்டியிருந்தாலும் கதைதான், பதில் பின்னாடி வந்தா போதும். ரெண்டுத்தையும் குழப்பிக்கிட்டுதான் பாதிப் பேர் எல்லாத்துக்கும் ஒரே டெம்ப்ளேட்டை அடிக்கறாங்க.

டெம்ப்ளேட்னு சொன்னதும் ஞாபகம் வருது. எஸ்ஸேவ தானே எழுதித் தர்றேன்னு சொல்றவர் கிட்டயும், "பாஸான எஸ்ஸே" தொகுப்பு விக்கறவர் கிட்டயும் போயிடாதீங்க. பிரிட்டன்ல யுகாஸ் (யுனிவர்சிட்டி அப்ளிகேஷன்களை வாங்கி அனுப்பற பொது அமைப்பு) வழியா அப்ளை பண்ணினா, வர்ற பர்சனல் ஸ்டேட்மென்ட்டை (அங்க எஸ்ஸேக்கு பதிலா கேக்கறது) பழசோட ஒப்பிட்டுப் பாக்கற சாஃப்ட்வேர் இருக்கு, ஒத்துப்போனா யுனிவர்சிட்டிக்கே தகவல் போகும். மாட்டிக்கப் போறது நீங்க, அவர் ஃபீஸ் வாங்கிட்டுப் போயிடுவார். நல்ல கன்சல்டன்ட் கேள்வி கேப்பார், "அன்னிக்கு கிளாஸ்ல எந்த வார்த்தை வரல?"ன்னு நோண்டுவார், வரி எழுதித் தர மாட்டார். உங்க ஆளு இதுவரைக்கும் உங்கள ஒரு கேள்வியாவது கேட்டாரா?