பழங்குடி ஓவியங்களை வாங்குதல்

அன்புள்ள ஐயா,

வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக ஒரு வார்லி ஓவியமும் ஒரு கோண்டு ஓவியமும் வாங்க விரும்புகிறேன். கையால் வரைந்ததையும் அச்சடித்ததையும் பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. அதைவிட, ஒரு மக்களின் சடங்குக்கு உரியதை நாம் அலங்காரப் பொருளாக்குவது முறையா என்ற உறுத்தலும் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உறுத்தலிலிருந்தே தொடங்குகிறேன். மகாராஷ்டிரத்துப் பழங்குடியினரான வார்லிகளின் வீடுகளில் திருமணத்தின்போது செம்மண் பூசிய சுவரில், அரிசிமாவைக் கரைத்து, மணமான பெண்கள் எழுதும் சதுரத்திற்குச் சௌக் என்று பெயர். அதன் நடுவே வளத்தின் தெய்வமான பாலகாட் தேவி வீற்றிருப்பாள். அந்தச் சுவர் விற்பனைக்கு வருவதில்லை. 1970களில் ஜிவ்யா சோமா மாஷே என்ற வார்லி ஓவியர் சடங்கை விட்டு விலகி, வயலையும் மீன்வலையையும் தார்பா என்ற ஊதுகருவிக்கு ஆடும் ஆட்டத்தையும் காகிதத்திலும் துணியிலும் தமக்காகவே வரையத் தொடங்கினார். இன்று நம் கைக்கு வருபவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. பிறர் பார்க்கவும் வாங்கவும் வேண்டுமென்றே வரையப்பட்டவை. ஆகவே வாங்குவதில் பிழையில்லை. வரைந்தவர் யாரென்று கேட்காமல் வாங்குவதைத்தான் பிழை என்பேன்.

கோண்டு ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலங்காலமாகப் பெயரற்ற கைகள் வரைந்துவந்த மரபு என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. ஆனால் காகிதத்திலும் கேன்வாஸிலும் நாம் காணும் வடிவம், மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்து ஜங்கட் சிங் ஷ்யாம் என்ற ஒருவரிடமிருந்து கிளைத்தது. கோண்டு மக்களுக்காகக் கதைப்பாடல் பாடும் பர்தான் குலத்தவரான அவரை, 1980களின் தொடக்கத்தில் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்துவந்தவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன். 2001இல் ஜங்கட் மறைந்தார். அவர் பாணியை இன்றும் ‘ஜங்கட் கலம்’ என்றே சொல்கிறார்கள். அவர் வழிவந்தவர்களில் ஒருவர் மானின் உடலைப் பிறைகளால் நிரப்புவார், இன்னொருவர் புள்ளிச் சரங்களால். பழகிய கண் கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த நிரப்பும் முறையைக் கொண்டு ஆளைச் சொல்லிவிடும். விற்பவரால் பெயரைச் சொல்ல முடியவில்லையென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

அச்சு எது என்று அறிய ஓர் உருப்பெருக்கி போதும். அச்சில் வண்ணம் பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். கையால் இழுத்த கோட்டில், தூரிகை வண்ணம் தொட்டு வைத்த இடம் தடித்தும் வண்ணம் தீரும் இடம் மெலிந்தும் இருக்கும். படத்தைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஓரத்தில் சிறு மேடும் தட்டுப்படும்.

‘நூற்றைம்பது ஆண்டுப் பழமை’ என்று யாரேனும் ஒரு பொருளை நீட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; அதை விற்க உரிமம் வேண்டும். பெரும்பாலும் அந்தப் பழமை, புகையும் தேநீரும் தந்ததாகவே இருக்கும்.

கடைசியாகச் சட்டகம். என்னிடம் வந்த முதல் மிதிலா (பீகாரின் மதுபனி) ஓவியத்தைக் கண்ணாடியோடு ஒட்ட அடைத்து மாட்டிவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தபோது மீனின் கண் கண்ணாடியோடு பெயர்ந்து வந்தது. காகிதத்திற்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். அடைப்பதற்கு முன் ஓவியத்தின் பின்புறத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் தம் பெயரையும் ஊரையும் அங்கே எழுதியிருக்கக்கூடும்.